6500 கெல்வின்

டியூப்லைட் வாங்கும்போது அட்டைப் பெட்டியின் ஓரத்தைப் பாருங்கள். 'கூல் டேலைட்' என்று போட்டு, பக்கத்தில் 6500 கெல்வின் என்று அச்சடித்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து மானிட்டரின் அடியில் இருக்கும் பட்டனை அமுக்கி மெனுவுக்குள் போனால், நிற வெப்பநிலை என்கிற இடத்தில் அங்கேயும் 6500 நிற்கும். எல்இடி பல்பு, டிவி, செல்ஃபோன் திரை என்று எங்கே தோண்டினாலும் இந்த எண் அகப்படும்.

பதின்மூன்று வருடமாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துதான் சம்பளம் வாங்குகிறேன். பகலில் கோட், சாயங்காலம் அமெரிக்காக்காரர்களோடு கால், அது முடிந்தபின் படிப்பதும் எழுதுவதும் அதே திரையில்தான். ஆறு மணி ஆனால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி ஒரு உறுத்தல் வரும். எங்கள் டீமில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். டாக்டர் சொட்டு மருந்து எழுதித் தருவார். கண்ணாடிக் கடையில் நீல வெளிச்சத்தைத் தடுக்கும் லென்ஸ் போடச் சொல்வார்கள். இரண்டும் இருக்கட்டும். இந்த உறுத்தலுக்கு முன்கதை ஒன்று இருக்குமே என்று தேட ஆரம்பித்தேன். பிடித்த முதல் நூல் இந்த 6500தான்.

நிறத்துக்கு எதற்கு வெப்பநிலை? கொல்லன் பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரும்பு சூடேற ஏற முதலில் மங்கிய சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் வெண்மை. இன்னும் இன்னும் சூடாக்க முடிந்தால் நீலம் தட்டும். இயற்பியல்காரர்கள் இரும்புக்குப் பதிலாக ஒரு கற்பனைக் கரும்பொருளை வைத்துக்கொண்டு, அது எந்தச் சூட்டில் எந்த நிறத்தில் ஒளிரும் என்று கணக்குப் போட்டார்கள். பழைய குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 2800 கெல்வின். 6500 என்றால் அதைவிடப் பல மடங்கு நீலம் கலந்தது. நாம் 'சூடான நிறம்' என்று சொல்லும் மஞ்சள், கணக்கில் குறைந்த சூடு. 'குளிர்ச்சி' என்று சொல்லும் நீலம் அதிகச் சூடு. இந்தக் குழப்பத்தை யாரும் இதுவரை சரிசெய்யவில்லை, இனிமேலும் செய்யப்போவதில்லை.

1931இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சர்வதேச ஒளியியல் ஆணையம் கூடியது. மனிதக் கண் நிறத்தை எப்படிப் பார்க்கிறது என்பதை எண்களாக எழுதிவைத்தார்கள். இன்றைக்கும் உங்கள் மானிட்டரைக் கட்டி மேய்ப்பது அந்த எண்கள்தான். அதற்கான அளவீடுகளைச் செய்தவர்கள் இருவர். லண்டனில் டபிள்யூ. டி. ரைட் பத்துப் பேரின் கண்களைச் சோதித்தார். டெடிங்டனில் இருந்த தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜான் கில்ட் ஏழு பேரைச் சோதித்தார். ஆக மொத்தம் பதினேழு ஜோடிக் கண்கள். 'நியம நோக்கர்' என்று பாடப்புத்தகம் சொல்லும் ஆள் அந்தப் பதினேழு பேரின் சராசரி.

அதே கூட்டத்தில் மூன்று நியம வெளிச்சங்களையும் வரையறுத்தார்கள். ஏ என்பது குண்டு பல்பு. பி, சி இரண்டும் பகல் வெளிச்சத்துக்குப் பதிலாள்கள்: பல்புக்கு முன்னால் நிறமேற்றிய திரவ வடிகட்டிகளை வைத்து உண்டாக்கியவை. கண்ணுக்குப் பகல் மாதிரி இருக்கும். ஆனால் அசல் சூரிய வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதா அதில் போதாது. சலவைத் துணியையும் காகிதத்தையும் பளிச்சென்று காட்டும் ரசாயனங்கள் புற ஊதாவில் ஒளிர்பவை. அவை பெருகியபோது இந்தப் போலிப் பகல் காலை வாரியது. சரி, உண்மையான வானத்தையே அளந்துவிடலாம் என்று இறங்கினார்கள்.

1964இல் ஜட், மெக்ஆடம், விஷெட்ஸ்கி மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் பகல் வெளிச்சத்தின் 622 அளவீடுகள். அமெரிக்காவின் ரோசெஸ்டரில் எடுத்தவை 249, இங்கிலாந்தின் என்ஃபீல்டில் 274, கனடாவின் ஒட்டாவாவில் 99. இவற்றிலிருந்து பிறந்ததுதான் டி65 என்கிற நியமப் பகல். துல்லியமாகச் சொன்னால் அது 6500 இல்லை, 6504. வரையறை செய்தபோது 6500ஆகத்தான் இருந்தது; பின்னால் இயற்பியல் மாறிலி ஒன்றின் மதிப்பைத் திருத்தினார்கள், அதனால் நிறம் அங்கேயே நிற்க, எண் மட்டும் நாலு படி ஏறிவிட்டது. பழைய கோடில் எவனோ எழுதிவைத்த மாறிலியைத் தொட்டால் எங்கேயோ எண் நகருமே, எங்கள் தொழிலில் தினமும் பார்ப்பது அது. இதைப் படித்தபோது எனக்கு அந்த அறிஞர்கள் மேல் பாசமே வந்துவிட்டது.

622இல் ஒன்றுகூட நம் பக்கத்து வானம் இல்லை. இதை வைத்து ஒரு காலனிய எதிர்ப்புக் கட்டுரை எழுதிவிடலாம், ஆனால் அது நேர்மையாக இருக்காது. நண்பகல் வானம் எங்கும் ஏறக்குறைய ஒரே ரகம்தான். என்னை உறுத்துவது வேறு. அளந்தது பகல் வானம். அந்தப் பகலைத்தான் நாம் ராத்திரி ஒன்பது மணிக்குப் பத்துக்குப் பத்து அறையில் மாட்டிவைத்திருக்கிறோம்.

எலக்ட்ரிகல் கடையில் ஒருமுறை கேட்டேன். "அண்ணே, மஞ்சளா எரியிற டியூப் இருக்கா?"

"வார்மா? அது ஓட்டலுக்குப் போடறது தம்பி. வீட்டுக்கு ஒயிட்டே போடுங்க, பளிச்சுன்னு இருக்கும்."

அவர் சொன்னதில் ஒரு தலைமுறையின் அனுபவம் இருக்கிறது. மஞ்சள் என்றால் நாற்பது வாட் குண்டு பல்பு, குறைந்த மின்னழுத்தம், பரீட்சைக்கு முந்தின நாள் அழுது வடியும் வெளிச்சம். டியூப்லைட் வந்த வீடு வசதி வந்த வீடு. வெள்ளை மேல் நமக்கு இருக்கும் ஆசை சும்மா வந்ததில்லை.

1941இல், ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில், ஃபிலிப்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த க்ரூய்ட்ஹோஃப் ஒரு வளைகோட்டை வெளியிட்டார். வெளிச்சம் குறைவாக இருந்தால் மஞ்சள்தான் இதமாக இருக்கும்; நிறைய வெளிச்சம் இருந்தால்தான் நீலம் தட்டிய வெள்ளை பொருந்தும்; குறைந்த வெளிச்சத்தில் நீல வெள்ளையைப் போட்டால் பிணவறை மாதிரி ஆகிவிடும் என்பது அதன் சாரம். (பிணவறை என் சொல்.) பிற்காலச் சோதனைகள் பல அந்த வளைகோட்டை அப்படியே உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் விளக்கு வடிவமைப்பாளர்கள் அதைக் கைவிடவும் இல்லை. ஒற்றை 6500 டியூப் எரியும் வீட்டு ஹாலில் ராத்திரி உட்கார்ந்து பார்த்தவன் என்கிற முறையில் என் ஓட்டு க்ரூய்ட்ஹோஃபுக்கு.

மானிட்டர்கள் 6500க்கு வந்து சேர்ந்த கதை தனி. 1953இல் அமெரிக்கக் கலர் டிவி தரம் எழுதப்பட்டபோது வெள்ளையாக எடுத்துக்கொண்டது அந்தப் பழைய சி வெளிச்சத்தை. ஜப்பான் இன்னும் மேலே போய் 9300 கெல்வினைப் பிடித்துக்கொண்டது. கம்ப்யூட்டர் மானிட்டர்களும் நெடுங்காலம் 9300இல்தான் கடைக்கு வந்தன. காரணம் வியாபாரம். இரண்டு டிவியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீலம் கூடியதுதான் 'பளிச்சுன்னு' தெரியும். எலக்ட்ரிகல் கடை அண்ணன் சொன்ன அதே பளிச்.

நான் படித்த காலத்தில் பொறியியல் கல்லூரி லேப்களில் பெட்டி மானிட்டர்கள் இன்னும் உயிரோடு இருந்தன. 60 ஹெர்ட்ஸில் நடுங்கும் நீல வெள்ளை. தலைக்கு மேலே சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்த பட்டி டியூப்லைட். நேராகப் பார்த்தால் தெரியாது. ஓரக்கண்ணால் பார்த்தால் திரை படபடக்கும். நம் கண்ணின் ஓரம் துடிப்பைப் பிடிப்பதில் நடுப்பகுதியைவிடக் கெட்டி. பச்சை எழுத்துத் திரைகள் இந்தத் தொல்லையை வேறு விதமாகச் சமாளித்தன. ஐபிஎம் 1981இல் தன் பிசியோடு விற்ற 5151 மானிட்டர் நொடிக்கு 50 முறைதான் புதுப்பித்தது. ஆனால் உள்ளே பூசிய பாஸ்பர் மெதுவாக அணைகிற ரகம், அதனால் துடிப்பு தெரியாது. பதிலுக்கு, எழுத்தை நகர்த்தினால் பின்னாலேயே ஒரு பச்சை ஆவி இழுபடும். கருப்பு எழுத்து, வெள்ளைப் பின்னணி என்று காகிதத்தைக் காப்பியடிக்க ஆரம்பித்த பிறகு இந்தத் தந்திரம் எடுபடவில்லை. திரை முழுக்க வெளிச்சம், வெளிச்சம் கூடக் கூடத் துடிப்பும் கூடத் தெரியும்.

அந்தப் பெட்டி மானிட்டர்களின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 'டிசிஓ 99'. ஏதோ கம்பெனி மாடல் நம்பர் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அது ஒரு தொழிற்சங்கத்தின் பெயர்.

*

1970களில் பத்திரிகை அலுவலகங்களுக்குள் திரைகள் நுழைந்தன. 1977இல் நியூயார்க் டைம்ஸில் பிரதி திருத்தும் வேலையில் இருந்த இரண்டு இளைஞர்களுக்குக் கண்புரை வந்தது. அந்த வயதில் வரக்கூடாதது. திரையிலிருந்து வரும் கதிர்வீச்சுதான் காரணமோ என்று பத்திரிகையாளர் சங்கம் எழுந்தது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வந்து அளந்து பார்த்தது. தீங்கு செய்யும் அளவுக்குக் கதிர்வீச்சு அகப்படவில்லை. 1980இல் கனடாவின் டொராண்டோ ஸ்டார் விளம்பரப் பிரிவில் திரைமுன் வேலை செய்து கருவுற்ற ஏழு பெண்களில் நான்கு பேருக்குப் பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகள் பிறந்தன. பயம் கண்டம் தாண்டியது. பதினொரு வருடம் கழித்து நியோஷ் தொலைபேசி ஆபரேட்டர்களிடம் நடத்திய பெரிய ஆய்வு, திரைமுன் வேலை செய்பவர்களுக்குக் கருச்சிதைவு கூடுவதாகத் தெரியவில்லை என்றது.

இங்கே கதையை முடித்து 'வீண் பீதி' என்று எழுதிவிடுவது சுலபம். பலர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கதிர்வீச்சைத் தேடிப் போனவர்கள் வழியில் வேறொன்றைக் கண்டார்கள். 1983இல் அமெரிக்க தேசிய ஆய்வுக் குழுமம் 'திரை, வேலை, பார்வை' பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. திரை கண்ணைக் கெடுப்பதற்கு ஆதாரமில்லை என்று சொன்ன அதே அறிக்கை, உழைப்பவர்களின் உபாதை உண்மை என்றும் சொன்னது: கூசும் விளக்கு, திரையில் விழும் பிரதிபலிப்பு, மோசமான மேசை, இடைவேளையே இல்லாமல் ஒரே மாதிரி வேலை. வெளிச்சத்தைப் பற்றி முன்பே தெரிந்திருந்த விஷயங்களை யாரும் அலுவலகத்தில் கடைப்பிடிக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

இதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் ஸ்வீடன்காரர்கள். டிசிஓ என்பது அங்கே மாதச் சம்பள ஊழியர்களின் சங்கக் கூட்டமைப்பு. அவர்கள் செய்தது எளிமையான, கொஞ்சம் குறும்பான வேலை. மானிட்டர் எப்படி இருக்க வேண்டும் என்று தாங்களே ஒரு தரம் எழுதினார்கள். அதில் தேறினால் ஸ்டிக்கர். முதலில் 1992, அப்புறம் 95, 99. தைவானிலும் கொரியாவிலும் மானிட்டர் தயாரித்தவர்கள் ஐரோப்பாவில் விற்க வேண்டுமென்றால் அந்த ஸ்டிக்கர் தேவைப்பட்டது. ஐரோப்பாவுக்குத் தனி, நமக்குத் தனி என்று செய்வது கட்டுப்படியாகாது. அப்படித்தான் ஒரு ஸ்வீடிஷ் குமாஸ்தா கேட்ட 85 ஹெர்ட்ஸ், நம் கல்லூரி லேப் மானிட்டரின் செட்டிங்ஸ் வரைக்கும் வந்தது. அதை யாரும் 60இலிருந்து மாற்றவில்லை, அது வேறு விஷயம்.

1990 மே மாதம் ஐரோப்பியச் சமூகம் திரைமுன் வேலைக்கென்றே ஒரு சட்ட ஆணை போட்டது. திரை துடிக்கக்கூடாது, அதில் வெளிச்சம் தெறிக்கக்கூடாது, ஊழியர் கண் பரிசோதனைக்கு உரிமையுள்ளவர், தேவைப்பட்டால் அந்த வேலைக்கான கண்ணாடியும் நிறுவனத்தின் செலவில். கண் உறுத்தல் முதலாளியின் பொறுப்பு என்று சட்டத்தில் ஏறியது.

நம் ஊரில்? 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 17ஆவது பிரிவைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். விளக்கிலிருந்து நேராகவோ பளபளப்பான பரப்பிலிருந்து தெறித்தோ கண் கூசக்கூடாது. கண் சோர்வு உண்டாகும் அளவுக்கு நிழல் விழக்கூடாது. கண் சோர்வு என்ற சொல்லே அதில் இருக்கிறது, கம்ப்யூட்டரைப் பார்த்திராத காலத்துச் சட்டத்தில். இது நமக்கும் பொருந்துமா என்று மேலே தேடினால், 1987இல் சேர்த்த ஒரு விளக்கக் குறிப்பு கிடைத்தது. ஒரு கட்டடத்தில் கம்ப்யூட்டர் பிரிவு இருக்கிறது என்பதாலேயே, அங்கே உற்பத்தி நடக்காதவரை, அது தொழிற்சாலை ஆகிவிடாது. நாங்கள் மாதம் தவறாமல் ரிலீஸ் செய்வதெல்லாம் உற்பத்தியில் சேராது போல. ஓ.எம்.ஆர். முழுக்க எழும்பி நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பல வருடம் முன்பே அந்த ஒற்றை வாக்கியம் எழுதப்பட்டாயிற்று.

*

பொறுப்பு கைமாறியதைப் பின்னாலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. 2002இல் பிரௌன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பெர்சனும் கூட்டாளிகளும், விழித்திரையில் படம் பார்ப்பதற்கல்லாமல் பகலா இரவா என்று உடம்புக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருப்பதைக் காட்டினார்கள். நீல வெளிச்சத்துக்கு அதிகம் துடிப்பவை. 2009இல் ஹெர்ஃப் தம்பதி எஃப்.லக்ஸ் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார்கள். பொழுது சாய்ந்தால் திரை தானாகவே மஞ்சளாகும். 2016இல் ஆப்பிளும் அடுத்த வருடம் விண்டோஸும் அதையே உள்ளே வைத்தன. நல்ல யோசனைதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த ஆராய்ச்சி தூக்கத்தைப் பற்றியது. அதை அப்படியே நகர்த்திக் கண் உறுத்தலுக்கும் நீலம்தான் காரணம் என்று லென்ஸ் விற்க ஆரம்பித்தார்கள். 2023இல் காக்ரேன் குழு பதினேழு சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது: நீலம் தடுக்கும் லென்ஸ் போட்டாலும் போடாவிட்டாலும் கண் சோர்வில் வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை. அலுவலகம் செய்ய வேண்டியிருந்ததை இப்போது நாம் கண்ணாடிக் கடையில் கூடுதல் காசு கொடுத்துத் தீர்க்கப் பார்க்கிறோம்.

அப்படியானால் எதுதான் காரணம்? 1993இல் ஜப்பானின் சுபோடாவும் நகமோரியும் அலுவலக ஊழியர்கள் இமைப்பதை எண்ணினார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 22 முறை. புத்தகம் படிக்கும்போது 10. திரையைப் பார்க்கும்போது 7. மணல் விழுந்த உறுத்தலின் பெரும்பங்கு இதுதான், கண் காய்கிறது. ஏசி காற்று முகத்தில் அடித்தால் கேட்கவே வேண்டாம். நிறத்தைத் திருத்தி இதைத் தீர்க்க முடியாது. இத்தாலியில் ராமஸ்ஸினி 300 வருடம் முன்பே நகாசு வேலைக்காரர்களின் கண்ணைப் பற்றி எழுதியபோது சொன்னது, அவ்வப்போது தலையைத் தூக்கி வேறெங்காவது பாருங்கள் என்று. தட்டான் கேட்டிருப்பானா தெரியாது, நாம் கேட்கவில்லை.

துடிப்பு இன்னொரு காரணம். பிரிட்டனில் ஆர்னால்ட் வில்கின்ஸும் உடனிருந்தவர்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தமானது. யாருக்கும் சொல்லாமல் ஒரு அலுவலகத்தின் டியூப்லைட்டில் பழைய சோக்கையும் அதிவேக எலக்ட்ரானிக் சோக்கையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். பழைய சோக்கில் டியூப் நொடிக்கு 100 முறை துடிக்கும், கண்ணுக்குத் தெரியாது. எலக்ட்ரானிக் சோக் போட்ட வாரங்களில் தலைவலியும் கண் சோர்வும் பாதிக்கும் கீழே இறங்கின. லேப்பில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த என் வகுப்புத் தோழிகளிடம் "தைலம் தடவிக்கோ" என்று சொல்லி அனுப்பிய ஊர் இது.

மூன்றாவது, திரைக்கும் அறைக்கும் நடுவே இருக்கும் வெளிச்ச இடைவெளி. 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் எஸ்ஆர்ஜிபி என்ற நிறத்தரத்தை எழுதின. இன்று இணையத்தில் நீங்கள் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை அதை நம்பித்தான் இருக்கின்றன. எழுதியவர்கள் நான்கு பேர்; அதில் ஒரு பெயர் சீனிவாசன் சந்திரசேகர். அந்த ஆவணத்தில் ஒரு அறை வர்ணிக்கப்பட்டிருக்கிறது: திரையின் வெள்ளை டி65, ஒளிர்வு சதுர மீட்டருக்கு 80 கேண்டெலா, அறையின் வெளிச்சம் 64 லக்ஸ். கிட்டத்தட்ட விளக்கணைத்த அறை. ஐரோப்பிய அலுவலகங்களுக்குப் பரிந்துரை 500 லக்ஸ். பெட்டியிலிருந்து எடுத்த புது மானிட்டர் 250, 300 கேண்டெலாவில் எரியும், கடையில் பளிச்சென்று தெரிவதற்காக.

நான் வீட்டில் செய்துகொண்டது அதிகமில்லை. ஒரு ஏ4 தாளை மானிட்டர் பக்கத்தில் பிடித்து, திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறைத்தேன். நூறில் 28க்கு வந்து நின்றது. நண்பரிடம் இரவல் வாங்கிய அளவுமானியைத் திரையில் தொங்கவிட்டுப் பார்த்தபோது 110 கேண்டெலா. வெள்ளை 7200 கெல்வின் காட்டியது, மெனுவில் 6500 என்று எழுதியிருந்தும். நீலத்தைக் கொஞ்சம் இறக்கினேன். சில மானிட்டர்களில் பிரைட்னஸைக் குறைத்தால் பின்விளக்கு அணைந்து அணைந்து எரிய ஆரம்பிக்கும்; செல்ஃபோன் கேமராவில் கோடு கோடாகத் தெரிந்தால் அந்த மானிட்டரை அதற்குக் கீழே இறக்காதீர்கள். திரைக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு சின்ன விளக்கு வைத்தேன். புது யோசனை ஒன்றும் இல்லை, அமெரிக்காவில் சில்வேனியா 1950களிலேயே திரையைச் சுற்றி ஒளிரும் சட்டம் வைத்து 'ஹேலோலைட்' என்று டிவி விற்றது. இருட்டுக்கும் திரைக்கும் நடுவே கண் ஏறி இறங்க ஒரு படி வேண்டும், அவ்வளவுதான். முதுகுக்குப் பின்னால் இருந்த டியூப்லைட்டின் சுவிட்சைப் போடுவதை நிறுத்தியதில் பாதித் தொல்லை போனது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குச் செலவு பூஜ்யம்.

அலுவலகத்தில் இது எதுவும் நடக்காது. என் இருக்கைக்கு நேர் மேலே இரண்டடிக்கு இரண்டடி எல்இடி பேனல், 6500 கெல்வின், திரையின் மேல்பாதியில் வெள்ளைச் சதுரமாக விழும். அதை மட்டும் அணைக்க முடியுமா என்று பராமரிப்புப் பிரிவுக்கு டிக்கெட் போட்டேன். வரிசை முழுக்க ஒரே சுவிட்ச், தனியாக அணைக்க வழியில்லை என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டார்கள். அடுத்த வாரம் பக்கத்து இருக்கைப் பெண் பழைய காலண்டர் அட்டையை வெட்டி, உள்பக்கம் கருப்புக் காகிதம் ஒட்டி, மானிட்டரின் மேலே கூரை மாதிரி டேப் போட்டு மாட்டினாள். எங்கள் வரிசையில் இப்போது ஆறு மானிட்டர்களுக்குக் கூரை இருக்கிறது.